பேரேட்டு அட்டைக்குள் தொடர்கதை

சென்ற வாரம் உறவினர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். காப்பியைக் குடித்து முடிக்கும் வரையில் குடும்ப க்ஷேமங்களையெல்லாம் அக்கறையோடு விசாரித்துக்கொண்டிருந்தவர், எழுந்திருக்கும் தறுவாயில், கூடத்து அலமாரியில் சிவப்புத் துணி முதுகோடு வரிசையாக நிற்கும் பழைய பைண்டு வால்யூம்களைப் பார்த்துவிட்டு, "இந்தக் கதையெல்லாம் இப்ப போன்லயே சும்மா கிடைக்குதே அண்ணே, எதுக்கு இடத்தை அடைச்சிக்கிட்டு? எடைக்குப் போட்டுட்டா அலமாரியாச்சும் காலியாகும்" என்று யோசனை சொன்னார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமல்ல.

வீடு தேடி வந்தவரிடம் முகம் சுளிக்கக் கூடாது என்று எங்களைப் பழக்கி வளர்த்திருக்கிறார்கள். ஆகையால் அவரை வாசல் வரை சென்று வழியனுப்பிவிட்டு வந்து, அவரிடம் சொல்லாமல் விட்டதையெல்லாம் உங்களிடம் சொல்வதற்காக உட்கார்ந்திருக்கிறேன். பதிவு சற்று நீளும். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அவர் சொன்னதில் ஒரு பாதி வாஸ்தவம். 'பொன்னியின் செல்வன்' எழுதிய கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. யாரும் அச்சிடலாம், யாரும் படிக்கலாம். மணிரத்னத்தின் திரைப்படம் 2022-லும் 2023-லும் இரண்டு பாகங்களாக வெளிவந்த பிறகு, தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கவே சிரமப்படுகிற பிள்ளைகள்கூட 'பொன்னியின் செல்வ'னைத் தேடிப் பிடித்து வாசிப்பதைக் காணும்போது எனக்கு உண்டாகிற ஆனந்தத்துக்கு அளவில்லை. கதை எங்கும் கிடைக்கட்டும், எல்லாருக்கும் கிடைக்கட்டும். ஆனால், வாராவாரம் ஒரு குடும்பம் முழுவதும் ஒரே விளக்கின் கீழ்க் கூடி உட்கார்ந்து, ஒருத்தி படிக்க மற்றவர்கள் கேட்டு, கோபித்து, அழுது, அடுத்த வாரம் வரையில் தர்க்கம் செய்துகொண்டிருந்த அந்த இராத்திரிகள் எங்கள் அலமாரியில் உள்ள தாள்களைத் தவிர வேறெங்கும் கிடைக்கமாட்டா.

மாயவரத்தில் எங்கள் வீடு, காவேரிக்குப் போகிற தெருக்களில் ஒன்றில் இருந்தது. (அரசாங்கக் காகிதங்களில் மயிலாடுதுறை, எனக்கு நாக்கில் வருவது மாயவரந்தான்.) தாத்தா ஒரு நெல் மண்டியில் கணக்குப்பிள்ளை. அப்பா, சித்தப்பா, இளமையிலேயே கணவரை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பிவிட்ட அத்தை, அம்மா, சித்தி, நாங்கள் ஐந்தாறு பிள்ளைகள், இத்தனை பேருக்கும் மேலே தாத்தாவுக்கே ஆக்ஞை இடக்கூடிய அதிகாரத்தோடு அப்பாயி. அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இந்த ஒரு விஷயத்தை நீங்கள் முக்கியமாக ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் எங்கள் குடும்பத்தின் மிகப் பெரிய வாசகி அவள்தான்.

வாரப் பத்திரிகைகள் சென்னையிலிருந்து ரயிலில் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். ஏஜெண்டு கடையில் கட்டைப் பிரித்துப் பையன்கள் சைக்கிளில் எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். 'ஆனந்த விகடன்', 'கல்கி' இரண்டும் எங்கள் வீட்டுக்கு வரும். 'குமுதம்' எதிர்வீட்டுக்கு வரும். பிற்பகலில் இரண்டு வீடுகளுக்கும் நடுவே பரிவர்த்தனை நடக்கும். பத்திரிகை வந்தவுடன் தாத்தா அதை வாங்கித் தலையங்கத்தை மட்டும் படித்துவிட்டு, மூக்குக் கண்ணாடியோடு சேர்த்து மாடத்தில் வைத்துவிடுவார். அதன் பிறகு இராத்திரிச் சாப்பாடு ஆகும் வரையில் தொடர்கதைப் பக்கத்தை ஒருவரும் திறக்கக் கூடாது என்பது அப்பாயியின் சட்டம். எல்லாரும் ஒரே சமயத்தில்தான் தெரிந்துகொள்ள வேண்டும். முன்கூட்டித் தெரிந்துகொண்டவன் முகத்தைப் பார்த்தால் கேட்கிறவளுக்கு ருசி போய்விடும் என்பாள்.

சித்தப்பா இந்தச் சட்டத்தை மீறப் பார்ப்பார். மாட்டுக்கொட்டகைப் பக்கம் வைக்கோற்போருக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு ஒன்றும் அறியாதவர்போல் உள்ளே வருவார். அப்பாயி அவரை ஏறிட்டுப் பார்ப்பாள்.

"படிச்சிட்டியாடா?"

"இல்லம்மா."

"அப்ப ஏன் மூஞ்சி இப்படி வாடிக் கெடக்குது? யாரு செத்தா?"

சித்தப்பாவால் அதற்கு மேல் சமாளிக்க முடியாது, சிரித்துவிடுவார். தண்டனையாக, அன்றிரவு அத்தை வாசிக்கும்போது அவர் விளக்குக்கு அப்பால், திண்ணை ஓரத்தில் உட்கார வேண்டும்.

அத்தை படிப்பதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். தாழ்வாரத்துத் தூணில் சாய்ந்து, முட்டியின் மேல் பத்திரிகையை வைத்துக்கொண்டு, தொண்டையைக் கனைத்து ஆரம்பித்தாளானால், நாள் முழுவதும் வாய் திறந்து நாலு வார்த்தை பேசாத அந்த அத்தை, பழுவேட்டரையராகவும் நந்தினியாகவும் ஆழ்வார்க்கடியானாகவும் மாறி மாறிப் பேசுவாள். வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு சமையற்கட்டின் இருட்டோடு இருட்டாக நடமாடியவளுக்காக வாரத்தில் ஓர் இராத்திரி மட்டும் வீடு முழுவதும் வாயைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தது. அவளுடைய துக்கத்தைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் அவளிடம் பேசியதில்லை. பேசும் வழக்கமும் அந்தக் காலத்துக் குடும்பங்களில் இல்லை. ஆனால் பத்திரிகை வந்தவுடன் அப்பாயி எழுத்துத் தெரிந்த மகன்கள் இருவரையும் விட்டுவிட்டு, "அவளைக் கூப்பிடு, அவ படிச்சாத்தான் எனக்கு ஏறும்" என்று ஒவ்வொரு வாரமும் தவறாமல் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்பது எனக்கு வெகு காலம் கழித்தே விளங்கிற்று.

அப்பாயியின் ஞாபக சக்தி அபாரமானது. 'பொன்னியின் செல்வன்' முதல் முறை 'கல்கி'யில் வெளிவந்தது 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை, மூன்றரை ஆண்டுக் காலம். ஐந்து பாகங்கள், 293 அத்தியாயங்கள். அந்த முதல் சுற்று நான் பிறப்பதற்கு முன்னாலேயே எங்கள் வீட்டில் வாசிக்கப்பட்டு, பைண்டு ஆகி, அலமாரி ஏறிவிட்டது. நான் கேட்டதெல்லாம் கோடை விடுமுறையில் பைண்டு வால்யூமிலிருந்து நடந்த மறு வாசிப்புத்தான். அப்போது அத்தை எங்கேயாவது ஒரு பத்தியைத் தாண்டிவிட்டால், இருட்டில் காலை நீட்டிப் படுத்திருக்கும் அப்பாயி, "ஏய், நடுவுல பூங்குழலி படகு வந்துச்சுல்ல, அது எங்க?" என்பாள். புரட்டிப் பார்த்தால் இருக்கும். படித்தவர்கள் மறந்ததைப் படிக்காதவள் வைத்திருந்தாள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். எழுத்துத் தெரியாத அவளுக்குப் படம் தெரியும். மணியம் வரைந்த வந்தியத்தேவனையும் குந்தவையையும் அவள் கண்ணோடு ஒற்றிக்கொள்ளாத குறையாகப் பார்ப்பாள். (கல்கி அந்தக் கதைக்காக இலங்கைக்குப் போனபோது மணியத்தையும் கூட அழைத்துச் சென்றார் என்பதைச் சித்தப்பா சொன்னபோது, "பாத்துட்டு வந்து போட்டதுதான், சும்மா போட்டா இப்படி வராது" என்றாளாம்.) 1960-களின் பிற்பகுதியில் அதே கதை 'கல்கி'யில் இரண்டாம் முறையாகத் தொடர்ந்தபோது வினு வரைந்தார். அப்பாயி உடனே பழைய வால்யூமை எடுத்து வரச் சொல்லி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விளக்கைத் தூண்டி நெடு நேரம் பார்த்தாள். பிறகு, "இதுவும் நல்ல புள்ளதான். ஆனா எனக்கு மொதல்ல வந்தவன்தான் வந்தியத்தேவன்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். எங்கள் வீட்டில் அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது.

அப்பாயிக்கு கல்கியின் மேல் ஒரு தனி உரிமையும் உண்டு. அவர் 1899-ல் பிறந்த புத்தமங்கலம் மாயவரத்தை அடுத்த கிராமம். அப்பாயி பிறந்த ஊரும் அந்தத் திசையில்தான். அதனால் அவர் எவ்வளவு கீர்த்தி பெற்றாலும் அவளுக்கு அவர் 'நம்ம பக்கத்துப் புள்ள'. கதை முடிந்த அதே 1954-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் தேதி அவர் காலமான செய்தி வந்த அன்று, சொந்த மனுஷர் போய்விட்டதுபோல் வீட்டில் ஒருவருக்கும் சோறு இறங்கவில்லை என்று அம்மா சொல்லியிருக்கிறாள். பாதியில் நின்றுபோன 'அமரதாரா'வை அவருடைய மகள் ஆனந்தி எழுதி முடித்தபோது அப்பாயிக்கு உண்டான சமாதானம் சாமானியமானதல்ல. "அப்பன் விட்ட எடத்துலேருந்து பொண்ணு எடுத்து முடிச்சிருக்கு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவாளாம்.

பைண்டு செய்கிற வைபவத்தைச் சொல்லாமல் போனால் இந்தப் பதிவுக்கே அர்த்தமில்லை.

தாத்தா கணக்குப்பிள்ளை என்று சொன்னேன் அல்லவா? தாளில் எழுதப்பட்ட எதுவும் வரிசை தப்பக் கூடாது, தேதி தப்பக் கூடாது என்பது அவருடைய ஜீவாதாரமான கொள்கை. ஒரு தொடர்கதை முடிந்தவுடன், பரணில் அடுக்கியிருக்கும் இதழ்களைக் கீழே இறக்கித் தேதிவாரியாக அடுக்குவார். பங்குனி வெயிலில், முன்கூடத்தில் கோரைப்பாயை விரித்து, எங்களை வட்டமாக உட்கார வைப்பார். முனை மழுங்கிய கத்தியால் இதழின் நடுவிலுள்ள கம்பிப் பின்னை நிமிர்த்திக் கழற்றுவது எங்களில் பெரியவனுக்கு. கதைப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, ஓரம் கிழியாமல் நீவி, வாரம் ஒன்று என அடுக்குவது எனக்கும் என் தம்பிக்கும். ஒவ்வோர் அடுக்கின் மேல்மூலையிலும் பென்சிலால் தேதி குறிப்பது தாத்தாவுக்கு மட்டுமே. ஒரு வாரம் குறைந்தாலும் வேலை நின்றுவிடும். அந்த இதழை யாரோ இரவல் வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். எந்த வீடு என்று துப்புத் துலக்கி வாங்கி வருகிற வரையில் அவருக்கு மனம் ஆறாது.

அடுக்கின் மேல் அம்மிக்கல்லை ஏற்றி இரண்டொரு நாள் அழுத்தத்தில் வைத்த பிறகு பைண்டர் பாய் வருவார். சித்திரையில் புதுக்கணக்குப் போடுவதற்காக மண்டிக்குப் பேரேடு கட்டித் தருகிறவர் அவர். மண்டியில் மிஞ்சுகிற கெட்டி அட்டையும் சிவப்புக் காலிகோத் துணியுந்தான் எங்கள் கதைகளுக்கும் சட்டையாக அமைந்தன. ஆகவே எங்கள் வீட்டு 'தில்லானா மோகனாம்பாள்' தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு நெல் வரவு செலவு மாதிரிதான் தெரியும்!

பசை காய்ச்சுவது கொல்லையில். சமையற்கட்டுக்குள் அதற்கு அனுமதி இல்லை. பசையில் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் சேர்ப்பார்கள், அது விஷம். மூன்று செங்கல்லை வைத்து, சுள்ளியை மூட்டி, பழைய தகர டப்பாவில் மைதாமாவைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து ஏற்றி, குச்சியால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். பால்போல் இருப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணாடிபோல் தெளிந்து, குச்சியை இழுக்கும். அந்தச் சமயத்தில் பாய் ஒரு பொட்டலத்தைப் பிரித்து, பொடித்த துத்தத்தை இரண்டு விரலால் எடுத்துத் தூவுவார். நீலப் பொடி வெள்ளைப் பசையில் விழுந்து இழை இழையாகக் கரைந்து, மயிற்கழுத்தின் நிறம் ஒரு கணம் தோன்றி மறையும். தம்பியும் நானும் அந்த ஒரு கணத்துக்காகவே புகையில் கண் எரிய உட்கார்ந்திருப்போம். ஆறிய பசையின் வாசனையும் காலிகோத் துணிக் கஞ்சியின் வாசனையும் சேர்ந்து இன்றைக்கும் அந்த வால்யூம்களைத் திறந்தால் லேசாக மூக்கில் ஏறுகிறது.

பிறகு தையல். மெழுகு தடவிய நூலைக் கோணி ஊசியில் கோத்து, துளையிட்ட அடுக்குகளின் வழியே பாய் உள்ளும் புறமுமாக இழுப்பார். இழுக்கும்போது கண் ஊசியில் இருக்காது, பக்கத்தில் இருக்கும். ஒவ்வொரு வாரத்து அடுக்கும் கைக்கு வருகிறபோது அதில் நாலு வரி படித்துவிடுவார். முடிந்த வால்யூமை ஓரம் வெட்டுவதற்காக அவருடைய பட்டறைக்கு எடுத்துப் போவார். அங்கிருந்து அது அவர் வீட்டுக்குப் போகும். அவர் மனைவி கேட்டு முடித்த பிறகுதான் எங்கள் வீடு வந்து சேரும். தாமதத்துக்கு அவர் காரணம் சொன்னதுமில்லை, தாத்தா கேட்டதுமில்லை. கூலி வாங்கிக்கொள்ளும்போது மட்டும், "வீட்டுல வானதிக்காக ரொம்ப வருத்தப்பட்டாங்க" என்பதுபோல ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார். தாத்தாவும் கணக்கில் ஒரு வரவை ஏற்றுக்கொள்வதுபோல் தலையை ஆட்டுவார்.

புத்தகம் கடையில் வாங்கிக்கொள்ளலாமே, இவ்வளவு பிரயாசை எதற்கு என்று இளைய வாசகர்கள் கேட்கக்கூடும். எல்லாத் தொடர்கதைகளும் உடனே புத்தகமாகிவிடவில்லை. எழுத்தாளர் தேவனை எடுத்துக்கொள்ளுங்கள். 'துப்பறியும் சாம்பு'வும் 'மிஸ்டர் வேதாந்த'மும் 'ஜஸ்டிஸ் ஜகந்நாத'னும் விகடனில் வந்த வாரங்களில் தமிழ்நாட்டு வீடுகளில் நிகழ்ந்த சிரிப்பும் கலகலப்பும் எத்தகையவை என்பதை அந்தத் தலைமுறையார் சொல்லக் கேட்டால்தான் தெரியும். ஆயினும் 1957-ல், 44-வது வயதைத் தாண்டாமலே அவர் மறைந்த பிறகுதான் அவருடைய நாவல்கள் பெரும்பாலும் புத்தக உருவம் பெற்றன. அதுவரையில் அவரைக் காப்பாற்றி வைத்திருந்தவர்கள் யார்? பின்னைக் கழற்றிப் பசை காய்ச்சிய குடும்பங்கள்தாம். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தம் வாழ்நாள் முழுவதும் பழைய நூல்களையும் பத்திரிகைகளையும் நோட்டீசுகளையும் சேர்த்துக் காத்தார். அவர் காலத்துக்குப் பிறகு, 1994-ல், அந்தச் சேகரத்தை அடிப்படையாகக் கொண்டு சென்னையில் ஆராய்ச்சி நூலகமே எழுந்தது. உலகத்தின் பல பகுதிகளிலிருந்தும் அறிஞர்கள் வந்து அதைப் பார்க்கிறார்கள். அவர் செய்தது மகத்தான காரியம். அதே காரியத்தின் ஒரு சிறு துளியைத்தான் என் தாத்தாவைப் போன்றவர்கள் ஊருக்கு ஊர், கூடத்துக் கோரைப்பாயில் செய்துகொண்டிருந்தார்கள்.

கதை வீட்டுக்குள்ளேயே அடங்கியிருக்கவும் இல்லை. 'குறிஞ்சி மலர்' தொடர்கதை வெளிவந்த ஆண்டுகளை ஒட்டிப் பிறந்த குழந்தைகளில் எத்தனை பூரணிகள், எத்தனை அரவிந்தன்கள்! எங்கள் தெருவில் வாசலில் நின்று பூரணி என்று கூப்பிட்டால் ஒரு வீட்டிலிருந்து மட்டும் பதில் வராது. 1968-ல் 'தில்லானா மோகனாம்பாள்' படமாக வந்தபோது வண்டி கட்டிக்கொண்டு குடும்பத்தோடு போனோம். அந்தக் கதையில் வருகிற சிக்கல் எங்களுக்குத் தெரிந்த ஊர். நாதஸ்வரமும் தவிலும் கேட்காமல் எங்கள் பக்கத்தில் ஒரு கல்யாணம் நடந்ததில்லை. ஆதலால் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்த அந்த நாதஸ்வரத்தைக் கேட்டு அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிவாஜியையும் பத்மினியையும் கண்கொட்டாமல் பார்த்துவிட்டு வந்த அப்பாயி, வீட்டுக்கு வந்தவுடன் காலைக் கழுவிக்கொண்டு, "அந்தப் பொஸ்தகத்தை எடு" என்றாள். கோபுலு வரைந்த மோகனாவை ஒரு தரம் பார்த்துக்கொண்டுதான் அன்றைக்குப் படுக்கப் போனாள்.

எல்லாவற்றிலும் பெரிய காரியம் ஒன்றைச் சித்தப்பா செய்தார். ஓர் ஆடிப் பதினெட்டுக்கு, வழக்கம்போல் காவேரித் துறையான லாகடத்தில் புதுப்புனலுக்குப் பூஜை செய்து, காதோலை கருகமணி விட்டு, பிள்ளைகள் சப்பரம் இழுத்து, சித்திரான்னங்களைக் கட்டிக்கொண்டு வந்து சாப்பிடுகிற நாளில், "இந்த வருஷம் வந்தியத்தேவன் நின்ன எடத்துக்கே போயிட்டு வந்துடுவோம்" என்று கிளப்பிவிட்டார். கதையின் முதல் காட்சியே அந்த ஆடிப்பெருக்குத்தானே! கொள்ளிடத்தைத் தாண்டி, சிதம்பரம் போய், அங்கிருந்து காட்டுமன்னார்கோயில் பஸ்ஸில் ஏறி, புளியோதரைத் தூக்கும் தண்ணீர்க் கூஜாவுமாக வீராணத்தின் கரையில் இறங்கினோம். பத்தாம் நூற்றாண்டில் முதற் பராந்தக சோழன் காலத்தில் வெட்டி, வீரநாராயணன் என்ற அவனுடைய விருதுப் பெயரைச் சூட்டிய ஏரி. தெற்கு வடக்காகப் பல கிலோமீட்டர் நீளம். கதையிலே வந்தியத்தேவன் குதிரையில் போய்க்கொண்டே எழுபத்துநான்கு கணவாய்களையும், அதாவது மதகுகளையும், எண்ணிப் பார்ப்பான். நாங்களும் எண்ணிவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு கரையோடு நடந்தோம். காற்று என்றால் அப்படி ஒரு காற்று. ஏரியில் கடலைப்போல் அலை புரண்டது. அத்தையின் முந்தானை படபடத்தது. அவள் அன்றைக்கு வாய்விட்டுச் சிரித்ததை நான் பார்த்தேன். நாலைந்து மதகுகள் எண்ணுவதற்குள் தம்பிக்குக் கால் வலி. இன்னும் இரண்டு எண்ணுவதற்குள் எல்லாருக்கும் பசி. கரையோரத்து மரநிழலில் தூக்கைத் திறந்துவிட்டோம். "அவனுக்குக் குதிரை இருந்துச்சு" என்றாள் அப்பாயி, புளியோதரையை உருட்டிக் கையில் கொடுத்துக்கொண்டே. எழுபத்துநான்கை நாங்கள் இன்றுவரை எண்ணி முடிக்கவில்லை. (அந்த ஏரியின் தண்ணீரைத்தான் இப்போது சென்னைவாசிகள் குழாயில் பிடித்துக் குடிக்கிறார்கள்.)

இனி, வால்யூம்களுக்குள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சொல்கிறேன். கடையில் விற்கிற பதிப்பில் இதெல்லாம் இராது. பக்கத்தின் ஓரத்தில் அத்தையின் கையெழுத்தில் 'இங்கே நிறுத்தியது' என்று சின்னச் சின்னக் குறிகள். அப்பாயிக்குத் தூக்கம் வந்த இடங்கள் அவை. 'பொன்னியின் செல்வன்' மூன்றாம் பாகத்தில் வெற்றுத் தாள் ஒன்றில் அம்மா போட்டுப் பார்த்த சிக்குக் கோலம். ஓரிடத்தில் தாத்தாவின் பால் கணக்கு. இன்னோரிடத்தில், துக்கமான கட்டம் ஒன்றில், எண்ணெய்க் கையின் ஐந்து விரலும் பதிந்திருக்கின்றன; தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த சித்தி பொறுக்கமாட்டாமல் புரட்டிவிட்டாள். அமிர்தாஞ்சன் விளம்பரமும் கிரைப் வாட்டர் விளம்பரமும் கதையின் நடுவே குறுக்கிட்டு நிற்கும். பக்கத்தின் அடியில் மீந்த இடத்தில் ஒரு ஹாஸ்யத் துணுக்கு இருக்கும். பெருந்துயரமான அத்தியாயத்தை முடித்துவிட்டு அத்தை அந்தத் துணுக்கையும் படித்துவிடுவாள். அழுதுகொண்டே எல்லாரும் சிரிப்போம்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, எங்கள் பிள்ளைப்பிராயத்தை ஆட்டிவைத்த ஒரு விஷயம் உண்டு. தொடர்கதைப் பக்கத்தை மட்டும் பிரித்தெடுக்கிறபோது, கடைசித் தாளின் மறுபக்கத்தில் வேறு ஏதாவது இருக்குமல்லவா? ஒரு சமையல் குறிப்பின் பாதி. யாரோ எழுதிய யாத்திரைக் கட்டுரையின் வால். சில சமயம் ஒரு சிறுகதையின் ஆரம்பம். ஆரம்பம் மட்டுந்தான். மிச்சம் அடுத்த தாளில், அந்தத் தாள் எப்போதோ கடலை மடித்த பொட்டலமாகப் போயிருக்கும்.

அவற்றில் ஒன்று எங்கள் வீட்டில் பிரசித்தம். ஒரு மனிதன் நள்ளிரவில் ஒரு சிறிய ரயில்வே ஸ்டேஷனில் இறங்குகிறான். வண்டி நகர்ந்த பிறகுதான் கையிலிருப்பது தன்னுடைய தகரப்பெட்டி அல்ல என்று கண்டுகொள்கிறான். ஸ்டேஷன் மாஸ்டர் விளக்கைத் தூக்கிப் பிடிக்க, பூட்டில்லாத அந்தப் பெட்டியின் மூடியை மெல்லத் திறக்கிறான். அவ்வளவுதான், பக்கம் முடிந்தது.

பெட்டிக்குள் என்ன?

கல்யாணப் பெண்ணின் நகைகள், அவன் அதை விடிவதற்குள் கொண்டுபோய்ச் சேர்த்தாக வேண்டும் என்பது அப்பாயியின் கட்சி. பெட்டியில் கணக்குப் புத்தகங்கள் இருந்தன, எவனோ முதலாளியை ஏமாற்றிவிட்டு ஓடுகிறான் என்பார் தாத்தா. சித்தப்பா வாரத்துக்கு ஒரு முடிவு சொல்லுவார். அதில் ஒரு வாரம் பாம்புகூட வந்தது. பைண்டர் பாய் தைத்துக்கொண்டே, "அவன் பெட்டிய எடுத்துக்கிட்டுப் போன ஆளு இப்ப என்ன பண்ணுவான்னு யாருமே கேக்கலியே" என்று ஒரே வார்த்தையில் எங்களையெல்லாம் திகைக்க வைத்தார். அத்தை நெடுநாள் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒரு நாள், வாசிப்பெல்லாம் முடிந்து எல்லாரும் பாயைச் சுருட்டுகிற வேளையில், "ஒண்ணும் இல்லாம காலிப் பெட்டியா இருந்தா, அவன் அதுல புதுசா எல்லாத்தையும் வச்சுக்கலாம்" என்றாள்.

தம்பியின் பேத்தி ஒருத்தி, பதினோரு வயது, இந்தக் கோடையில் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கியிருந்தாள். படம் பார்த்துவிட்டு வந்தவள். வந்தியத்தேவன் கார்த்தியைப்போல் இல்லையே என்று மணியத்தின் படங்களோடு முதலில் சண்டை போட்டாள். இரண்டாம் பாகத்துக்கு வருவதற்குள் சமாதானமாகிவிட்டாள். இராத்திரியில் அவள் தடுமாறித் தடுமாறி உரக்கப் படிக்க, நானும் என் மனைவியும் கேட்போம். அவளுக்கு அந்த ரயில் கதையைக் காட்டினேன். மூன்று தரம் படித்தாள். பிறகு, "பெரிய தாத்தா, பெட்டிக்குள்ள இந்தக் கதையோட மிச்சப் பக்கம் இருந்திருக்கும். அதான் நமக்குக் கிடைக்கல" என்றாள்.

அப்பாயி இருந்திருந்தால் இவளைக் கட்டிக்கொண்டிருப்பாள்.

அவள் சொன்ன முடிவையும் மற்றவர்கள் முடிவுகளுக்குப் பக்கத்தில் ஓரத்தில் பென்சிலால் குறித்து, தாத்தாவின் வழக்கப்படி தேதியும் போட்டுவிட்டேன். உங்களில் யாராவது அந்த வாரத்து இதழை முழுசாக வைத்திருந்தால், கண்ணுங் கருத்துமாகப் பாதுகாத்து வையுங்கள். ஒருகாலும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஆனால் அந்தக் கதையின் முடிவை மட்டும் தயவுசெய்து எங்களுக்குச் சொல்லியனுப்ப வேண்டாம். அடுத்த விடுமுறைக்குத் தம்பியின் பேரனும் வருகிறான். அவனுடைய அபிப்பிராயம் இன்னும் பாக்கி இருக்கிறது.